சாணவண்டுக்குப் பதினெட்டுக் குழிகள்: கோயில்காடு, மாந்தோப்பு, மனைப்பிரிவு

ஒத்தக்கடைக்கு வடக்கே, யானைமலை நன்றாகத் தெரியும் தொலைவில், சில ஆண்டுகளுக்கு முன்புவரை மானாவாரிப் புஞ்சையாக இருந்து இப்போது கல் ஊன்றி மனைகளாகப் பிரிக்கப்பட்டுவிட்ட நிலத்தின் ஓரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வீடு எழும்பாத மனைகளில் பக்கத்து ஊர் மாடுகள் மேய்கின்றன. சென்ற புரட்டாசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு, வாசலுக்கு எதிரே ஒரு பசு போட்டுவிட்டுப் போன சாணம் நான்கு நாளாகியும் மேல்தோல் மட்டும் காய்ந்து அப்படியே கிடந்தது. அதே வாரத்தில் அழகர்மலை அடிவாரத்தில் உள்ள என் தாய்மாமன் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே கோயில்காட்டுக்குள் மாலையில் நான் மிதிக்காமல் தாண்டிப் போன சாணம், மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தபோது வெறும் நாராகச் சிதறியிருந்தது. அதன் அடியிலும் சுற்றிலும் புதிதாகக் கிளறிய ஈரமண் சிறு சிறு குவியலாகக் கிடந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே இருப்பது ஒரே வட்டாரம், ஒரே மழை. சாணத்தை எடுத்துப் போக வருகிற வண்டுகள்தாம் வேறாக இருக்க வேண்டும் என்று தோன்றியதால், இரண்டு இடத்திலும் குழி வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

நம் பக்கத்தில் பீயுருட்டி என்றும் சாணிவண்டு என்றும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எல்லாச் சாணவண்டும் உருட்டுவதில்லை. உருண்டை பிடித்துப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போய்த் தொலைவில் புதைப்பவை ஒரு சாரார். சாணத்துக்கு நேர் கீழேயே சுரங்கம் தோண்டி உள்ளே இழுத்துக்கொள்பவை இன்னொரு சாரார். எங்கும் போகாமல் சாணத்துக்குள்ளேயே முட்டையிட்டு வாழ்க்கையை முடித்துக்கொள்பவை மூன்றாவது சாரார். எண்ணிக்கையில் அதிகம் தோண்டிகள்தாம் என்பதையும், உருட்டிகள் கண்ணுக்கு எடுப்பாக இருப்பதால் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டன என்பதையும் குழி வைத்த இரண்டாம் நாளே தெரிந்துகொண்டேன்.

மூன்று இடங்களைத் தேர்ந்தேன். காப்புக்காட்டுக்குள் நுழைந்து பூச்சி பிடிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. முதல் இடம், மாமன் ஊரின் கோயில்காடு. உசிலையும் வெட்பாலையும் மேலே கூடியிருக்க, கீழே காரையும் சூரையும் விடத்தலையும் அடர்ந்த இடம் அது. சாமிக்கு அஞ்சி யாரும் விறகு வெட்டுவதில்லையே தவிர, மாடு மேய்வதற்குத் தடை இல்லை. இரண்டாவது, அதே ஊரில் கம்பிவேலி போட்ட ஒரு மாந்தோப்பு. மூன்றாவது, எங்கள் மனைப்பிரிவு. ஓர் இடத்துக்கு ஆறு குழிகள் வீதம் பதினெட்டு. குழிக்குக் குழி ஐம்பது மீட்டர் இடைவெளி. நெருக்கி வைத்தால் ஒரு குழியின் வாசனை அடுத்த குழிக்கு வர வேண்டிய வண்டையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்த இடைவெளியைக் குறைக்கக் கூடாது. தோப்பில் நேர்கோட்டில் இடம் போதாமல் ‘ட’ வடிவில் வளைத்து வைக்க வேண்டியிருந்தது.

குழி என்று சொல்வது, ஒரு லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பாவை அதன் விளிம்பு தரைமட்டத்தோடு சரியாக இருக்கும்படி புதைப்பதைத்தான். விளிம்பு ஒரு நூல் உயர்ந்திருந்தாலும் சின்ன வண்டுகள் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. ஆகவே டப்பாவைப் புதைத்த பிறகு விரலால் மண்ணை அணைத்து, விளிம்பு தடவினால் தட்டுப்படாத அளவுக்குச் சமன் செய்ய வேண்டும். ஆய்வாளர்கள் வழக்கமாக டப்பாவுக்குள் சோப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சோப்பு நீர்ப்பரப்பின் இழுவிசையைக் குறைப்பதால் வண்டு மிதக்காமல் மூழ்கிவிடும். எனக்கு நூற்றுக்கணக்கில் கொல்ல மனம் வரவில்லை. தண்ணீர்ப் பாட்டிலின் மேல்பகுதியை அறுத்துப் புனல்போல் டப்பாவின் வாயில் கவிழ்த்தேன். உள்ளே நான்கு விரல் உயரத்துக்கு ஈரமண்ணும் சருகும் போட்டேன். விழும் வண்டு மண்ணுக்குள் புகுந்துகொண்டு அமைதியாகக் கிடக்கும். காலையிலும் மாலையிலும் எண்ணிவிட்டு, பிடித்த இடத்திலிருந்து தள்ளி விட்டுவிடலாம். இரண்டு வேளை பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: பகலில் பறப்பது எது, இரவில் பறப்பது எது என்று பிரிந்துவிடும்.

டப்பாவுக்கு மேலே குறுக்காக மூங்கில் குச்சி வைத்து, இருநூறு கிராம் சாணத்தைக் கொசுவலைத் துணியில் முடிந்து தொங்கவிட்டேன். மழைக்குக் கூரையாக, பழைய ஃப்ளெக்ஸ் பேனரை ஒரு முழச் சதுரமாக வெட்டி நான்கு கம்பியில் கட்டினேன். மதுரையில் ஃப்ளெக்ஸுக்கா பஞ்சம்! ஒரே காதணி விழா பேனரில் பதினெட்டுக் கூரையும் ஆகிவிட்டன. ஆறாம் குழியின் மேல் மட்டும் ஒரு தாய்மாமன் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

முதல் தவறு இரையில் நடந்தது. பக்கத்துப் பால் பண்ணையில் காலை எட்டு மணிக்குப் போய், கொட்டகைக்கு வெளியே குவித்திருந்த சாணத்தை வாளியில் அள்ளி வந்து எடைபோட்டு முடிந்தேன். மறுநாள் மூன்று இடங்களிலும் ஒரே மாதிரியான, அரிசியளவே உள்ள, நீள்வட்டமான சிறு வண்டுகள் ஏராளமாகக் கிடந்தன. இயற்கையான இடத்துக்கும் மாற்றப்பட்ட இடத்துக்கும் வேறுபாடே இல்லை என்று நினைத்து ஒருநாள் முழுவதும் சோர்ந்திருந்தேன். பிறகுதான், வாளியின் அடியில் மிஞ்சியிருந்த சாணத்தைக் கிளறியபோது அதே வண்டுகள் உள்ளேயும் இருப்பதைக் கண்டேன். இரவு முழுவதும் திறந்து கிடந்த சாணத்தில் அவை முன்பே குடியேறியிருந்தன. நான்தான் அவற்றை மூன்று இடத்துக்கும் சுமந்துகொண்டு போய் விருந்தாளியாக இறக்கியிருக்கிறேன். அந்த நாளின் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டேன். அதன் பிறகு விடியற்காலையில் தொழுவத்தில் காத்திருந்து, மாடு போட்டவுடன் ஏந்தி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, இரண்டு நாள் உறையவைத்துப் பயன்படுத்தினேன். பிசைவது முக்கியம்; ஒரு மாட்டின் சாணம் தண்ணீராகவும் இன்னொன்றின் சாணம் கெட்டியாகவும் இருந்தால் வண்டின் வரவு அதற்கேற்ப மாறும். உறையவைத்த இடம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு என்பதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத வேண்டியதில்லை.

பூச்சி ஊசி போடாத மாட்டின் சாணமாகவும் அது இருக்க வேண்டும். கிடைமாடு (உரத்துக்காக இரவில் வயலில் அடைக்கும் மந்தை) வைத்திருக்கும் ஒரு பெரியவர், புலிக்குளம் இன மாடுகளோடு கோயில்காட்டு ஓரம் தங்கியிருந்தவர், நான் குழியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அருகில் வந்தார்.

“பீவண்டப் பிடிச்சு என்ன தம்பி பண்ணப் போறீக?”

“எண்ணிப் பாத்துட்டு விட்டுருவேன் அய்யா.”

“கிடை போட்ட நிலத்துல முந்தியெல்லாம் கொம்பு வண்டு ராத்திரிக்கு ராத்திரி எறங்கும். ஊசி போட்ட மாட்டுச் சாணியில பாருங்க, வண்டு தங்காது.”

அவர் சொன்னது முக்கால் பங்கு சரி. குடற்புழுவுக்காகப் போடும் ஐவர்மெக்டின் மருந்தின் மிச்சம் ஊசி போட்ட பிறகு பல நாட்கள் சாணத்தோடு வெளியேறுகிறது. வளர்ந்த வண்டு அந்தச் சாணத்துக்கும் வரத்தான் செய்யும். ஆனால் அதில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு பிழைப்பது கடினம். வண்டு வந்ததும் தெரியும், சாணம் புதைந்ததும் தெரியும், அடுத்த தலைமுறை வராதது மட்டும் யாருக்கும் உடனே தெரியாது. ஆகவே ஊசி போடாத அவருடைய மாடுகளின் சாணத்தையே கேட்டு வாங்கினேன்.

இரண்டாம் சுற்றில் வேறு தொல்லைகள் வந்தன. மனைப்பிரிவில் நாய்கள் முடிச்சை அறுத்துக்கொண்டு போயின. தோப்பில் இரண்டு டப்பாக்களுக்குள் எறும்பு சாரை பிடித்து இறங்கி, வண்டுகளின் கால்களைத் தனித்தனியாகக் கழற்றிவைத்திருந்தது. கோயில்காட்டின் நான்காம் குழியிலோ வண்டே இல்லை. புனலின் வாயைத் தள்ளிவிட்டு உள்ளே ஒரு தேரை, கன்னம் உப்ப, நகரவும் மனமின்றி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் கிடந்த எச்சத்தை நீரில் கரைத்துப் பார்த்தேன். கறுத்த இறக்கை உறைகளும் முள்முள்ளான முன்னங்கால்களும் மிதந்தன. அந்தக் குழியின் வரவுக்கணக்கைத் தேரையின் வயிற்றிலிருந்து எழுத முடியாது என்பதால் அதையும் விட்டுவிட்டேன். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அறுகோண வலையை டப்பாவின் மேல் பரப்பி முளையடித்த பிறகு நாயும் தேரையும் நின்றன. அந்தக் கண்ணி வழியே பெரிய வண்டும் தாராளமாக விழுகிறது. எறும்புக்குச் சரியான மருந்து இன்னும் கிடைக்கவில்லை. டப்பாவைச் சுற்றிச் சாம்பல் தூவினால் ஒரு வேளை தாங்குகிறது, மழை வந்தால் அதுவும் போயிற்று.

ஐப்பசி நடுவிலும் கார்த்திகைத் தொடக்கத்திலும் வைத்த குழிகளைத்தான் நம்பகமானவையாக எடுத்துக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழையில் மண் நனைந்திருக்கும் அந்த வாரங்களில்தான் வண்டுகள் முழுமூச்சாக வெளிவருகின்றன. பங்குனியில் ஒருமுறை வைத்துப் பார்த்தபோது தோப்பில் ஒன்றுகூட விழவில்லை. விழுந்தவற்றைத் தோற்றத்தை வைத்து அ, ஆ, இ என்று எழுத்திட்டுப் பிரித்தேன். ஒவ்வொரு வகையிலும் இரண்டை மட்டும் எத்தனாலில் போட்டு, தெரிந்த பூச்சியியல் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மேசையில் விரித்தது, ஆரோ என்பவர் 1931இல் பிரிட்டிஷ் இந்தியாவின் சாணவண்டுகளைப் பற்றி எழுதிய தொகுதியின் நகல். ஆன்தோஃபேகஸ் என்ற பேரினத்தில் மட்டும் உலகில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதால், என்னுடைய எழுத்துக்களில் பாதிக்குப் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். அது போதும் எனக்கு.

கைவில்லையின் கீழ் பார்த்தவற்றில் மூன்று மறக்க முடியாதவை. கறுத்த உடலைச் சுற்றி வெளிர்மஞ்சளில் கரை கட்டிய, சற்றே தட்டையான ஓனிடிசெல்லஸ் சிங்க்டஸ். இது சாணத்துக்குள்ளேயே குடியிருக்கும் வகை. மாட்டுச் சாணம் எங்கே கிடந்தாலும் வரும். மூன்று இடத்திலும் இருந்தது. அடுத்தது சிஸிஃபஸ். உடல் சிறியதுதான், பின்னங்கால்கள் மட்டும் சிலந்திக் கால்போல நீண்டு வளைந்தவை, உருண்டையை உருட்டுவதற்கென்றே வார்த்தவைபோல இருக்கும். கோயில்காட்டின் நிழலில் தவிர வேறெங்கும் இதை நான் பார்க்கவில்லை. மூன்றாவது, கத்தார்சியஸ் என்ற, கட்டைவிரல் பருமனுள்ள கொம்பு வண்டு. கிடைமாட்டுப் பெரியவர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். இரவில் மட்டும் பறக்கும். அதைத் திருப்பிப் போட்டபோது வயிற்றுப் பக்கத்து ரோமங்களுக்கு நடுவே செம்பழுப்பு நிறத்தில் சிற்றுண்ணிகள் அங்குமிங்கும் ஓடின. அவை வண்டின் இரத்தத்தைக் குடிக்க ஒட்டிக்கொண்டவை அல்ல; அடுத்த சாணத்துக்குப் போய் ஈயின் முட்டைகளைத் தின்பதற்காக வண்டின்மேல் பயணச்சீட்டில்லாமல் போகிறவை. வண்டு குறைந்தால் ஈ பெருகுவதற்கு இந்தப் பயணிகள் வந்துசேராததும் ஒரு காரணம்.

இனி, எதற்காகக் குழி வைத்தேனோ அந்தக் கணக்குக்கு வருகிறேன். தலையை மட்டும் எண்ணினால் எங்கள் மனைப்பிரிவு கோயில்காட்டைத் தோற்கடித்துவிட்டது. ஐப்பசிச் சுற்றில் அங்கே ஒரே இரவில் விழுந்தவற்றை எண்ணி முடிக்கப் பொழுது புலர்ந்து வெகுநேரமாகிவிட்டது. ஆனால் ஆறே வகைகள். அவற்றிலும் பத்துக்கு எட்டு, எள்ளைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்பு ஆன்தோஃபேகஸும், பழுப்பு இறக்கையுள்ள டிஜிடோன்தோஃபேகஸும்தாம். பகலில் வெயில் ஏறியதும் ஜிம்னோப்ளூரஸ் என்ற உருட்டி வந்தது; வெட்டவெளியையும் சுடும் தரையையும் விரும்புவது அது. கோயில்காட்டில் விழுந்தவை இதில் பாதியும் தேறாது; ஆனால் பதின்மூன்று வகைகள், எந்த வகையும் மற்றதை அமுக்கிவிடாதபடி கலந்து கிடந்தன. மாந்தோப்பில் நான்கே வகைகள், தலைக்கணக்கிலும் கடைசி.

காடு மாற்றப்படும் இடங்களில் இப்படித்தான் நடக்கும் என்பது வெப்பமண்டல நாடுகள் பலவற்றிலும் அறியப்பட்ட செய்தி: மரங்களின் மேற்கவிகை போனதும் நிழல்விரும்பிகளும் பெரிய உடல் உள்ளவையும் முதலில் மறைகின்றன, வெட்டவெளி தாங்கும் சிற்றினங்கள் ஒன்றிரண்டு அந்த இடத்தை நிரப்புகின்றன. எனக்குப் புதிதாக இருந்தது தோப்புதான். நிழல் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, மண் மிருதுவாக இருக்கிறது. பிறகு ஏன் வண்டு இல்லை? தோப்புக்காரரிடம் பேசியபோது விடை கிடைத்தது. வேலிக்குள் மாடு வர விடுவதில்லை. களைக்காக ஆண்டுக்கு இருமுறை, சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டுகிறார்; சுரங்கம் தோண்டிகள் தம் குஞ்சுக்கென்று மண்ணுக்குள் உருட்டிவைக்கும் சாண உருண்டைகளில் மேல்மட்டத்தில் இருப்பவை அந்தக் கத்தியில் உடைந்துவிடும். பூ எடுக்கும் காலத்தில் மருந்தும் அடிக்கிறார். மரம் நிற்பதால் மட்டும் ஓர் இடம் காட்டுக்கு ஒப்பாகிவிடாது என்பதை அந்தத் தோப்பைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. கோயில்காட்டைக் கோயில்காடாக வைத்திருப்பதில் மரத்துக்கு இருக்கும் பங்கு, உள்ளே வந்துபோகும் மாட்டுக்கும் மரநாய்க்கும் உண்டு.

மனைப்பிரிவில் பெரிய வண்டு ஏன் இல்லை என்பதற்கு ஓர் எளிய சோதனை செய்தேன். அரையடி நீள இரும்புக் கம்பி ஒன்றை மூன்று இடத்திலும் கட்டைவிரலால் அழுத்தினேன். கோயில்காட்டில் சருகை விலக்கி அழுத்தியதும் முழுவதும் இறங்கியது. தோப்பிலும் இறங்கியது. மனைப்பிரிவில், ஜேசிபியால் மேடு தட்டிச் சரளை மண் பரப்பி ரோலர் ஓட்டிய தரையில், ஒரு விரற்கிடைகூட இறங்கவில்லை. சுத்தியலால் அடித்தபோது கம்பி வளைந்தது. ஆழமாகத் தோண்டிக் குஞ்சு வளர்க்கும் கொம்பு வண்டுக்கு இங்கே என்ன வேலை? சிறியவை கல்லிடுக்கில் இரண்டங்குலம் பறித்து ஒப்பேற்றிக்கொள்கின்றன.

அத்தனை ஆயிரம் கால்கள் வந்தும் என் வாசல் சாணம் நான்கு நாள் கிடந்தது ஏன் என்பதைத் தராசில் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் அரைக் கிலோ சாணத்தை மூன்று தட்டாக வைத்தேன். நான்காவதாக ஒன்றை வைத்துக் கொசுவலையால் மூடி ஓரத்தைப் புதைத்தேன். வலைக்குள் இருப்பதில் வண்டு புகாது. அதில் குறையும் எடை வெறும் ஈரம் காய்ந்ததால் குறைவது. இதைக் கழிக்காமல் எடைபோட்டால் வெயிலின் வேலையையும் வண்டின் கணக்கில் எழுதிவிடுவோம். முதல்முறை அப்படித்தான் எழுதினேன். இரண்டு நாள் கழித்துக் கோயில்காட்டில் எடைபோட அள்ளுவதற்கே சாணம் இல்லை. நாரும் புதுமண்ணும் கலந்து கிடந்தன. தோப்பில் வலைக்குள் இருந்ததும் வெளியே இருந்ததும் ஏறக்குறைய ஒரே எடை, வறட்டியாகிவிட்டிருந்தது. மனைப்பிரிவில் சாணம் சல்லடையாகத் துளைபட்டு, உமிபோல் உதிர்ந்து, தரைமேலேயே கிடந்தது. சின்ன வண்டுகள் கலைத்துவிட்டிருந்தன, புதைக்கவில்லை.

கடைசியாகச் செய்தது பாசிமணிச் சோதனை. மாடும் மரநாயும் எச்சத்தோடு வெளியேற்றும் விதைகளை வண்டுகள் சாணத்தோடு சேர்த்து மண்ணுக்குள் கொண்டுபோகின்றன. எலியும் எறும்பும் தின்றது போக மிஞ்சும் விதைக்கு அது ஒரு வாய்ப்பு. உண்மை விதையைப் பிறகு தேடி எடுப்பது சிரமம் என்பதால் சிவப்புக் கண்ணாடிப் பாசி வாங்கி, ஒரு தட்டுக்கு முப்பது வீதம் சாணத்தில் பிசைந்து வைத்தேன். மனைப்பிரிவில் மறுநாளே இருபத்தெட்டையும் தரையிலிருந்து பொறுக்கிவிட்டேன். இரண்டை மைனா கொத்தியிருக்கலாம். கோயில்காட்டில் தரைமேல் ஐந்துதான் கிடந்தன. மீதியைத் தேடி ஒரு தேக்கரண்டியால் சுற்றுவட்டத்தை அடுக்கடுக்காகச் சுரண்டினேன். நான்கு விரற்கிடை ஆழத்தில் சில, ஒரு சாணுக்குக் கீழே கொம்பு வண்டின் சுரங்கத்துக்குள் ஈரச் சாணத்தில் பொதிந்து மூன்று, சிஸிஃபஸ் உருட்டிக்கொண்டு போன உருண்டை ஒன்றில் தட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒன்று. அந்தி மயங்கி, கோயில் பூசாரி விளக்கேற்ற வந்து என்ன தொலைத்தேன் என்று கேட்கும்வரை தேடியும், ஒன்பது மணிகள் கிடைக்கவில்லை.